மூன்றாம் பைப்

ஹெட்டர் என்றால் என்ன என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், முன்பெல்லாம் நான் கையை விரித்துக் காட்டுவேன். இந்த நாலு விரலும் நாலு பைப். என்ஜினிலிருந்து வரும் புகை ஆளுக்கொரு பைப்பில் இறங்கி, இதோ இந்த மணிக்கட்டில் ஒன்றாகச் சேர்ந்து, பின்னால் சைலன்சருக்குப் போகும். விரல்கள் பெரிசும் சின்னதுமாக இருக்கலாம், பைப் நாலும் ஒரே நீளம் இருக்க வேண்டும், இல்லையென்றால் என்ஜின் இருமும். இதற்கு மேல் விளக்கம் வேண்டுமென்றால் என் தம்பியிடம் போங்கள், சோறு தண்ணி இல்லாமல் பேசுவான் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். இப்போது நான் கையை விரித்துக் காட்டுவதில்லை. தம்பி எதிரிலேயே இருக்கிறான், அவன் விரல்கள் விரிவதில்லை.

எங்கள் பட்டறையில் பைப்பை வெட்டிப் பொருத்துவது அவன் வேலை, ஒட்டுவது என் வேலை. ஆர்கான் வெல்டிங்கில் எனக்கு ஈடாக இந்தப் பக்கம் ஆளே இல்லை. இதை நான்தான் சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. முன்கடையில் அம்மா நட்டு, போல்ட், ஃபேன் பெல்ட், பல்பு எல்லாம் விற்பாள். அப்பா போனதிலிருந்து மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ்தான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம், கோபம் மூக்குக்கு மேலே. தம்பி அதற்கு நேர் எதிர். சத்தம் போடமாட்டான், ஆனால் தான் சொன்னதை நடத்திக்காட்டாமல் விடமாட்டான். இதில் எது மோசம் என்று கேட்டால் இரண்டாவதுதான் மோசம்.

பட்டறை நடுவில் நிற்கும் பழைய பிக்கப் வண்டி அவனுடையது. உடைக்கப் போட்டிருந்த இடத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்தான். உருண்டை மூக்கு, பெரிய மட்கார்டு, துரு தின்றது போக மிச்சமிருந்த கேபின். அம்மா அன்றைக்கு வாசலிலேயே நின்று, "பொண்ணு பாக்கப் போறேன்னு சொல்லிட்டு இந்தக் கிழவியைக் கூட்டிட்டு வந்திருக்கியே" என்றாள். வாடிக்கையாளர் வண்டி இல்லாத நேரமெல்லாம் அதன் அடியில்தான் கிடப்பான். எட்டு சிலிண்டர் என்ஜின் ஒன்றைத் தேடிப் பிடித்து இறக்கினான். பக்கத்துக்கு நாலு பைப். டிரைவர் இல்லாத பக்கத்து நாலையும் அவனே வெட்டிப் பொருத்தினான், நான் ஒட்டினேன். இன்றைக்குப் போய்ப் பார்த்தாலும் ஒரு குறை சொல்ல முடியாது. டிரைவர் பக்கம் ஆரம்பிக்க வேண்டிய நேரத்தில் மழை வந்தது.

கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டில் ஒரு ஓட்டை. சொட்டுச் சொட்டாக, வேறு எங்கும் விழாமல், நேராக அவன் வண்டியின் பானெட்டில் விழுந்தது. சாந்து பூசி அடைக்கிறேன் என்று ஏறினான். தகடு உடைந்தது. வண்டிக்குப் பக்கத்திலேயே விழுந்தான். கழுத்து எலும்பு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னையும் அம்மாவையும் வராந்தாவுக்குக் கூட்டிப் போய்ச் சொன்னார். கால் இரண்டும் திரும்பாது, கை கொஞ்சம் அசையும், விரலில் பிடிமானம் வராது. அவர் சுற்றி வளைக்கவில்லை, அதற்காக நான் அவரை மதிக்கிறேன். அம்மா மதிக்கவில்லை. "அந்த டாக்டரே சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும்?" என்றாள். வீட்டுக்கு வந்த அன்றைக்கே எனக்கு ஒரு உத்தரவு போட்டாள்.

"இங்க பாரு, அவன் காதுபட 'இனிமே'ன்னு ஒரு வார்த்தை நீ சொல்லக் கூடாது. இனிமே முடியாது, இனிமே வராது, எதுவும் கூடாது. அவன் எந்திரிப்பான்."

"அம்மா, அவனுக்கு டாக்டர் சொல்லியிருக்க மாட்டாரா?"

"சொல்லல. நான் கூடவேதான இருந்தேன். நீ வாயை மூடிக்கிட்டு இருந்தாப் போதும்."

என்னை வாயை மூடச் சொல்வது ஆற்றை நிற்கச் சொல்வது போலத்தான், இருந்தாலும் மூடிக்கொண்டேன்.

மாடி ஏற்ற முடியாது என்பதால் பட்டறைக்குப் பின்னாலிருந்த சாமான் அறையைக் காலி செய்தோம். காலி என்றால் பாதிக் காலி. கட்டிலுக்கு ஒரு பக்கம் கார்புரேட்டர்கள் அடுக்கிய அலமாரி, இன்னொரு பக்கம் பழைய ரேடியேட்டர்கள். அறைக் கதவைத் திறந்தால் பட்டறை தெரியும், ஆனால் படுத்திருப்பவனுக்கு வண்டியின் பின் சக்கரம்தான் தெரியும். அதனால் ஒரு லாரியின் பக்கக் கண்ணாடியைக் கழற்றி, கம்பியோடு இரும்புக் கதவு நிலையில் பற்றவைத்தேன். அதைத் திருப்பி வைத்ததும் டிரைவர் பக்கம் முழுக்கக் கட்டிலிலிருந்தே தெரிந்தது. அன்றைக்குத்தான் விழுந்த பிறகு முதல் முறையாகச் சிரித்தான்.

"அக்கா, டிரைவர் பக்கத்து ஹெட்டரை நீ போடு. நான் சொல்றேன்."

"நானா? எனக்கு ஒட்டத்தான் தெரியும்."

"ஒட்டத் தெரிஞ்சவளுக்கு வெட்டத் தெரியாதா? போய் எல்லாத்தையும் மாட்டு முதல்ல."

எல்லாவற்றையும் மாட்டுவது என்பது அவனுடைய சட்டம். வண்டியில் கடைசியில் என்னவெல்லாம் இருக்கப் போகிறதோ, அதெல்லாம் மாட்டிய பிறகுதான் பைப்பில் கை வைக்க வேண்டும். எக்ஸாஸ்ட் பைப் இருக்கிற சந்து பொந்துகளில் நுழைந்து போகிற சாமான். பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று எதையாவது விட்டுவிட்டால் அந்த இடத்தில் சரியாகப் பைப் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஸ்டார்ட்டர் மோட்டாரை மாட்டாமல் பைப் போட்டுவிட்டு, அப்புறம் ஆயுசுக்கும் வண்டியைத் தள்ளியே ஸ்டார்ட் பண்ணிய ஒரு புத்திசாலியை எங்களுக்குத் தெரியும்.

ஸ்டியரிங் தண்டை மாட்டினேன். ஸ்டார்ட்டர் மோட்டாரை மாட்டினேன். ப்ளக்குகளையும் ஒயர்களையும் மாட்டினேன். பிறகு நிமிர்ந்தேன். சுவரில் ஆணியில் கிளட்ச் ராடு தொங்கிக்கொண்டிருந்தது. கிளட்ச் பெடலை மிதித்தால் அந்தத் தள்ளலைக் கியர்பாக்ஸ் வரைக்கும் கொண்டுபோகிற கம்பி அது. விரல் தடிமன்தான். ஆனால் டிரைவர் பக்கத்து மூன்றாம் பைப் இறங்க வேண்டிய இடத்துக்குக் குறுக்கே போகும். அது இல்லையென்றால் பைப்பை ஒரே வளைவில் கீழே இறக்கிவிடலாம்.

நான் ஆணியைப் பார்த்தேன். கண்ணாடியில் அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாட்டு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ராடை எடுத்து மாட்டினேன், வாஷர் போட்டுக் கிளிப்பையும் தட்டினேன்.

"சரி, ஒண்ணாம் பைப்பை எடு" என்றான்.

மனசுக்குள் என்னமோ இறங்கியது. அம்மா சொன்னது சரிதான், இவனுக்குத் தெரியாது, ஓட்டப் போகிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். அந்த ராடு அங்கே இருக்கிற வரைக்கும் அவன் ஓட்டப் போகிறவன். எனக்கு நம்பிக்கை ஒரு துளி கிடையாது. ஆனால் அவனுக்கு இருந்ததே, அதற்குக் காவல் நிற்க வேண்டும் என்று இருந்தது.

ஒண்ணும் ரெண்டும் நாலும் பெரிய தொல்லை கொடுக்கவில்லை. வளைந்த பைப்பைத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றோடொன்று வைத்துத் திருப்பி, வேண்டிய பக்கம் மூக்கு திரும்பியதும் புள்ளி வெல்டிங் வைத்துப் பிடித்துக்கொள்வது. முழு வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகுதான். தப்பென்றால் புள்ளியை அறுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். அவனைச் சக்கர நாற்காலியில் மட்கார்டு ஓரமாகக் கொண்டுவந்து வைத்துவிடுவேன். கழுத்துப் பட்டைக்கு மேலே தலை மட்டும் நீட்டிக்கொண்டு, "இன்னும் ஒரு மயிரிழை உள்ள. ஐயோ, அது மயிரிழையா? கயிறு!" என்று உயிரை வாங்குவான்.

மூன்றாம் பைப்தான் என்னைப் படுத்தி எடுத்தது. முதலில் போட்டது ஸ்டியரிங் தண்டில் உரசியது. அறுத்துப் போட்டேன். அடுத்தது தண்டுக்கும் ராடுக்கும் நடுவில் அழகாகப் போனது, ஆனால் ப்ளக் கழற்ற ஸ்பேனர் நுழையவில்லை. அறுத்தேன். இன்னொன்று எல்லாவற்றுக்கும் வழிவிட்டது, அளந்து பார்த்தால் மற்ற மூன்றையும்விட நீளம். கிரைண்டரைத் தூக்கிக் கீழே எறியப் போனேன்.

"கிரைண்டர் என்ன பண்ணுச்சு பாவம்?" என்றான்.

"நீ பேசாத. உக்காந்த இடத்துல உத்தரவு போட்டுட்டு இருக்க, மகாராஜா மாதிரி."

"மகாராஜாவுக்குக் கொஞ்சம் மூக்கைச் சொறிஞ்சு விடு. அரைமணி நேரமா அரிக்குது."

சொறிந்துவிட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம். முன்கடையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, நாங்கள் சிரிப்பதைக் கண்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. ஏன் எரிந்தது என்று கேட்காதீர்கள், எரிந்தது.

உடற்பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். காலைத் தூக்கி மடக்கி நீட்டிவிட்டு, கடைசியில் சாவியின் முனையால் பாதத்தில் கோடு இழுப்பாள்.

"தெரியுதா?"

"தெரியல."

"கண்ணை மூடிக்கிட்டு சொல்லுங்க. இப்ப?"

"ஒண்ணும் தெரியல."

அம்மா தலைமாட்டில் நின்றுகொண்டு, "கொஞ்சம் தெரியுதாம்" என்பாள். அந்தப் பெண் என்னைப் பார்ப்பாள். நான் ரேடியேட்டரைப் பார்ப்பேன். என் தம்பி ஒரு தடவைகூட அம்மாவை மறுத்துப் பேசியதில்லை.

அதுவரை அளவுக்காக ஒரு காலிக் கியர்பாக்ஸ் கூட்டைத்தான் மாட்டி வைத்திருந்தேன். நிஜக் கியர்பாக்ஸை ஓவர்ஹாலுக்குக் கொண்டுபோயிருந்த மெக்கானிக் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். எங்கள் தெருவில் எல்லோரும் அவரை கிரீஸ் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள், அவர் கைபட்ட டீ கிளாஸைக் கழுவ யாராலும் முடியாது. நல்ல மனுஷன், ஆனால் ரகசியம் பேசினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். கியர்பாக்ஸை மாட்டிவிட்டு அடியிலிருந்து வெளியே வந்தவர், ராடையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, இதை எதுக்கு மாட்டி வச்சிருக்க?"

"கிளட்சுக்கு அண்ணே."

"அது எனக்குத் தெரியாதா? யாருக்குன்னு கேக்குறேன். எவன் மிதிக்கப் போறான்? ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸா போட்டுட்டா, கையாலயே பிரேக்கு, கையாலயே ஆக்சிலேட்டர்னு எல்லாம் பண்ணலாம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன்..."

"மெதுவா பேசுங்க அண்ணே."

"மெதுவாத்தானம்மா பேசுறேன்!"

"அவனால டீ கிளாஸைப் பிடிக்க முடியல. நான்தான் ஊட்டி விடுறேன். எந்தக் கையால பிரேக் போடுவான்? உங்க கையாலயா? வந்த வேலை முடிஞ்சிடுச்சுல்ல, கிளம்புங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "தப்பா சொல்லிருந்தா மன்னிச்சுக்கம்மா" என்று போய்விட்டார். திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தேன். தம்பி கண்ணை மூடியிருந்தான். தூங்குகிறானா என்று கிட்டே போய்ப் பார்த்தேன். தூங்குகிறவன் மூச்சு அப்படி இருக்காது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் தூங்குகிறான் என்றே முடிவு செய்துகொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அவனாகவே, "மூணாம் பைப்பை இன்னொரு தடவை பாக்கலாம்க்கா" என்றான். பார்த்தீர்களா, அவன் காதில் விழவில்லை என்று நிம்மதி அடைந்தேன். அந்தப் பைப்புக்கு அன்றைக்கு அவன் சொன்ன வழி எனக்குச் சாகும்வரைக்கும் தோன்றியிருக்காது. எல்லோரும் ராடைத் தாண்டிக் கீழே போகத்தான் பார்ப்பார்கள். இவன் பைப்பை முதலில் மேலே தூக்கி, ரெண்டாம் பைப்பின் முதுகில் ஏற்றி, ராடுக்கு வெளிப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, திரும்ப உள்ளே கொண்டுவந்து சேர்க்கச் சொன்னான்.

"இவ்வளவு வளைச்சா நீளம் கூடாதா?"

"முன்னால போட்டது நேரா இறங்கி, கீழ போய் அலைஞ்சிட்டு வந்துச்சு. அந்த அலைச்சலை மேல வச்சுக்கோ. காய் நறுக்குற மாதிரி நறுக்காத, மெல்லிசா வெட்டு."

மெல்லிசாக வெட்டினேன். ஒவ்வொரு துண்டும் மோதிர அகலம். ஒன்று வைத்து, திருப்பி, அவனிடம் காட்டி, புள்ளி வைத்து, அடுத்தது வைத்து, காட்டி. மூன்று நாலு தடவை அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான், நான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அறுத்தேன். கடைசித் துண்டு போய் மற்ற மூன்றோடும் சேர்ந்தபோது பைப் தண்டைத் தொடவில்லை, ப்ளக்கை மறைக்கவில்லை, ராடைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. அளந்தேன். ஒரே நீளம். என் வேலையை நானே தடவிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்நாளில் நான் செய்த நல்ல சாமான் அதுதான்.

"ராடு நகர்றப்பவும் இடிக்கக் கூடாது" என்றான். "யாராவது கிளட்ச்சை மிதிச்சாத்தான் தெரியும். நீ இங்க இருந்து பாக்கணும். அம்மாவைக் கூப்பிடு."

அம்மா முன்கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். வண்டி உயரம். கதவை பெயிண்டுக்காகக் கழற்றியிருந்தோம், சீட்டும் இல்லை, ஒரு மரப்பெட்டியைத்தான் போட்டிருந்தேன். நான் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட, முனகிக்கொண்டே ஏறி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் கீழே போட்டாள்.

"எதுக்கும்மா செருப்பைக் கழட்டுற?"

"வழுக்கிடுச்சுன்னா? என் பிள்ளை வண்டி, பதமா மிதிக்கணும்."

தம்பியின் நாற்காலியைத் தள்ளிக் கேபினுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நிறுத்தினேன். அங்கிருந்து அவனுக்குக் கதவில்லாத கேபினும் தெரியும், என்ஜினும் தெரியும். நான் மட்கார்டு மேல் கவிழ்ந்து டார்ச்சை அடித்தேன்.

"மிதிம்மா" என்றான்.

பழைய கிளட்ச், லேசில் இறங்காது. அம்மா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து மிதித்தாள். ராடு நகர்ந்தது. பைப்பின் வளைவுக்குள் போய், எதையும் தொடாமல், முழுத் தூரமும் போய் நின்றது. ராடுக்கும் பைப்புக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நுழைந்தது.

"இடிக்கல!" என்று கத்தினேன். "டேய், இடிக்கலடா! ஒரு விரல் சந்து இருக்கு!"

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது. "பாத்தியா? நீ எந்திரிச்சு ஓட்டுறப்ப ஒரு சத்தம் வராது பாரு. முதல்ல என்னைத்தான் கூட்டிட்டுப் போகணும், சொல்லிட்டேன். உங்க அக்காவைப் பின்னால மூட்டையோட போடு."

"இன்னொரு தடவை மிதிம்மா" என்றான்.

மிதித்தாள். நான் நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். அவன் பைப்பைப் பார்க்கவில்லை. அம்மாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நரம்பு புடைத்த கால், விரல்கள் விரிந்து பெடலைப் பற்றியிருந்தன. நகத்தோரம் வெளுத்துப் போகுமளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த ராடைக் கழட்டிடு."

நான் டார்ச்சைத் திரும்ப உள்ளே அடித்தேன். "எங்கடா இடிக்குது? நல்லாத்தான இருக்கு?"

"இடிக்கல. அருமையா இருக்கு. ராடைக் கழட்டு."

"ஏன்?"

"வண்டியில இருக்கப் போறது மட்டும்தான் வண்டியில இருக்கணும்."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தாலாவது திருப்பிக் கத்தியிருப்பேன். புள்ளி எங்கே வைக்க வேண்டும் என்று சொல்வானே, அதே குரலில் சொன்னான்.

"அவன் ஏதோ அசதியில பேசுறான்" என்றாள் அம்மா. பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. "நீ ஒண்ணும் கழட்டாத. வெயில்ல ரொம்ப நேரம் உக்கார வச்சுட்ட அவனை."

"இங்க எங்கம்மா வெயில்?" என்றான். "டாக்டர் எனக்கு அப்பவே சொல்லிட்டாரு. நீ டீ வாங்கப் போயிருந்தப்ப. கிரீஸ் அண்ணன் சொன்னதும் கேட்டுச்சு. அக்கா மாட்டுறதைப் பாத்தேன், சரி மாட்டட்டும்னு இருந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப பைப் முடிஞ்சிடுச்சு. இனிமே எதுக்கு?"

இனிமே என்றான். எங்கள் வீட்டில் அந்த வார்த்தை கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது. நான் அம்மாவைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை. அவனுக்குத் தெரியாது என்று நாங்கள் இரண்டு பேரும் நடித்துக்கொண்டிருக்க, தெரியாதவன் போல அவன் எங்களுக்காக நடித்துக்கொண்டிருந்திருக்கிறான். மூன்று பேரும் சேர்ந்து ஒரு இரும்புக் கம்பியைச் சுற்றி இவ்வளவு அழகாக ஒரு பைப்பை வளைத்திருக்கிறோம். இந்தக் கூத்தை நினைத்தால் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை.

"அம்மா, காலை எடு" என்றேன். பெடல் அழுத்தியிருக்கும்போது கிளிப்பைக் கழற்றினால் ராடு தெறித்து என் முகத்தில் அடிக்கும்.

"எடுக்க மாட்டேன்."

"எடும்மா."

"என்னடி அவன் சொல்றான்னு நீயும்... எடுக்க மாட்டேன், என்ன பண்ணுவ?"

நான் ஒன்றும் பண்ணவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். கிளட்ச் ஸ்பிரிங் அம்மாவைவிடப் பலசாலி. முதலில் அவள் முழங்கால் நடுங்கியது. பிறகு தொடை. இரண்டாவது காலையும் தூக்கி முதல் காலின் மேல் வைத்து அழுத்தினாள். ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே மிதித்தாள். அப்புறம் பெடல் அவள் இரண்டு கால்களையும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிக்கொண்டு வந்து விட்டது.

நான் கிளிப்பைத் தட்டினேன், வாஷரை எடுத்தேன், ராடை இழுத்தேன். ஒரு நிமிஷ வேலை. அது கையில் ஒன்றுமில்லாத கனம். பைப் அங்கே தனியாக நின்றது. எதையோ தாண்டிப் போவது போல வெறும் காற்றைச் சுற்றி வளைந்திருந்தது.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பெடலில் கால் வைத்தாள். எதற்கு வைத்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பழைய பலத்தோடு மிதித்தாள், கால் தடாலென்று கீழே போய்த் தரைத் தகட்டில் இடித்தது. திடுக்கிட்டுப் போனாள்.

"ஏன்டா, கால்ல ஒண்ணுமே தெரியலையே" என்றாள்.

"அப்படித்தாம்மா இருக்கும்" என்றான் தம்பி.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு எதையாவது செய்ய வேண்டும் போலிருந்தது. கிரைண்டரைக் கையில் எடுத்தேன். "டேய், மூணாம் பைப்பை அறுத்துடவா? இப்பதான் ராடு இல்லையே. நேரா இறக்கிடலாம். மத்த மூணையும் அதுக்குச் சமமா வெட்டிக்கலாம். நீ சொல்லு, எங்க இருந்து அறுக்கட்டும்?"

அவன் பைப்பைக்கூடப் பார்க்கவில்லை.

"உன் இஷ்டம்க்கா."

அப்போதுதான் நான் உடைந்தேன். டாக்டர் சொன்னபோது அழாதவள், அவனைத் தூக்கிக் கழுவும்போதெல்லாம் அழாதவள், கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு ஒரு பைப்புக்காக ஓவென்று அழுதேன். மயிரிழைக்குக் கூட என்னோடு மல்லுக்கு நின்றவன் அவன். மறுபடியும் என்று சொல்லேன்டா, கயிறா மயிரிழையா என்று திட்டேன்டா என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவன் காத்திருந்தான். நான் அழுது முடித்ததும், "உள்ள கொண்டு போய் விட்டுடு, கழுத்து வலிக்குது" என்றான்.

தள்ளிக்கொண்டு போய்க் கட்டிலில் கிடத்தினேன். போர்வையை இழுத்துவிட்டேன். வெளியே டக்கென்று சத்தம் கேட்டது, கொஞ்சம் விட்டு மறுபடி டக். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். அம்மா கேபினைவிட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வெறும் பெடலை மிதிப்பதும் விடுவதுமாக இருந்தாள்.

தம்பியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் சுவத்துப் பக்கம் திருப்பி வச்சிடு" என்றான்.

திருப்பி வைத்தேன். சத்தம் நிற்கவில்லை.